ஓர் உறுப்பினர் கூறியதுபோல

திட்ட அறிக்கையின் முப்பத்து நான்காம் பக்கத்தில் தன்னுடைய வாக்கியத்தைக் கண்டபோது கோரின் பிலார்ஸ்கி மேசை முன் உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து தக்காளி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். வாயில் இருந்ததை விழுங்க மறந்து இரண்டாம் முறை படித்தாள். “பத்துப் பேரில் நான்கு பேரைப் பாதி வழியில் இழக்கிறோம். அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக்கொண்டு, நம்முடைய நல்ல மனதை நமக்கே காட்டிக்கொள்கிறோம் என்று குழுவின் உறுப்பினர் ஒருவர் கூறியதுபோல” என்று தொடங்கி, அதற்கு அடுத்த வரி “ஆகவே” என்று ஆரம்பித்தது. ஆகவே, வாரக்கடைசி நர்சிங் படிப்பில் வரும் ஆண்டிலிருந்து புதிய சேர்க்கை நிறுத்தப்படும்.

அந்த “ஆகவே”யைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. அதற்கு முன்னால் இருந்தது அவள் சொன்னது. சொல்லுக்குச் சொல் அவள் சொன்னது. பின்னால் இருந்தது யாரோ சொன்னது. இரண்டையும் ஒட்டியிருந்த பசை அந்த ஒரு சொல். சூப்பை மூடி வைத்தாள். பிறகு அது வெள்ளிக்கிழமை வரை அங்கேயே இருந்தது.

இயேசு சபைக் குருக்கள் நடத்தும் ஓகில்வி பல்கலைக்கழகத்தின் தொழிற்கல்விப் பள்ளிகளுக்கான பத்தாண்டுத் திட்டம் தயாராக இரண்டு வருடம் பிடித்தது. சட்டம், வணிகம், நர்சிங், சமூகப்பணி என்று நான்கு பள்ளிகள். அந்த நான்கும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வாகன நிறுத்தத்தைப் பகிர்ந்துகொண்டு நூறு வருடமாக வாழ்ந்துவந்தன. இப்போது ஒன்றாகக் கனவு காண வேண்டும் என்று தலைவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நர்சிங் பள்ளியின் துணை டீன் என்ற முறையில் கோரின் குழுவின் இணைத் தலைவி ஆனாள். பதினேழு கூட்டங்கள். அக்டோபர் மாதத்தில் ஒரு முழு மதியம், முதல் பக்கத்து வாக்கியத்தில் “முழு மனிதரைப் பேணுதல்” முன்னால் வரவேண்டுமா, “தலைசிறந்த தரம்” முன்னால் வரவேண்டுமா என்பதிலேயே போயிற்று. வணிகப் பள்ளி டீன் டுவெய்ன் ஹோல்ட்காம்ப் இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வதற்கு வழி உண்டா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுவர் முழுக்க மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சொல். வாரத்துக்கு இரண்டு தடவை பசை விட்டுச் சில சொற்கள் தரையில் கிடந்தன. துப்புரவுப் பணியாளர் அவற்றைப் பொறுக்கித் தனக்குத் தோன்றிய இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார். கூட்டத்தில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

கோரின் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காக. வாரக்கடைசிப் படிப்பை அந்தத் திட்டத்துக்குள் பத்திரமாக உட்காரவைக்க வேண்டும். முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கழிப்பறைக்குத் தூக்கிப்போகும் உதவியாளர்கள், வேலையை விடாமல் சனி ஞாயிறுகளில் மூன்றரை வருடம் படித்துப் பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கான படிப்பு அது. பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் முப்பத்தைந்து தாண்டியவர்கள். கோரினும் அந்த வழியாக வந்தவள்தான். இருபத்தாறு வயதில், சீருடையோடு, வெள்ளிக்கிழமை இரவுப்பணி முடிந்து அப்படியே சனிக்கிழமை எட்டு மணி வகுப்புக்கு. அதைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் குழுவில் இருந்தவர்கள் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கனிவைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரியில் குழு முழுவதையும் ஏரிக்கரைத் தியான இல்லத்துக்கு அழைத்துப்போனார்கள். ஈரி ஏரி உறைந்து கிடந்தது. கரைக்கு அருகே பனிக்கட்டிகள் உடைந்த தட்டுகள்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஃபாதர் எமெட் டூலன்தான் நடத்தினார். கல்வித்துறைப் பொறுப்பிலிருந்த துணைத் தலைவர். குருமடத்தில் சேர்வதற்கு முன்பு வக்கீலாக இருந்தவர். இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு படிக்கட்டு ஏறும்போது ஒவ்வொரு படியிடமும் அனுமதி கேட்பவர்போல ஏறுவார். சபையை நிறுவிய இஞ்ஞாசியார் காட்டிய முறைப்படி முடிவெடுப்போம் என்றார். முதலில் மௌனம். பிறகு ஒரு சுற்று, அதில் எல்லோரும் ஒரு முடிவுக்கு ஆதரவாக மட்டுமே பேச வேண்டும். மறுபடி மௌனம். பிறகு அதே எல்லோரும் அதற்கு எதிராக மட்டும். உங்கள் கட்சி எது என்று யாருக்கும் தெரியக்கூடாது, உங்களுக்கே தெரியக்கூடாது என்றார்.

மூன்றாவது கேள்வி வாரக்கடைசிப் படிப்பு. முதல் சுற்று, மூடுவதற்கு ஆதரவாக.

மௌனத்தில் உட்கார்ந்திருந்தபோது கோரினுக்குப் பாட்டி ருஸ்னாக் என்ற பழைய தோழி நினைவுக்கு வந்தாள். அவளோடு அதே வகுப்பில் சேர்ந்தவள். இரண்டாம் வருடம் மருந்தியல் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவைக்கு வராமலே நின்றுபோனவள். இன்றைக்கும் உதவியாளர்தான். முதுகில் இரண்டு அறுவைச் சிகிச்சை. கடையில் எதிர்ப்பட்டால் “என்னடி டாக்டரம்மா” என்று கூப்பிட்டு, கோரினின் வண்டியிலிருக்கும் சாமான்களைப் பார்த்துக் கேலி செய்வாள். பிறகு இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. முப்பது வருடமாக அந்த நிமிடத்தை கோரின் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். தன் முறை வந்ததும் வாய் திறந்தாள். ருஸ்னாக்கைப் பற்றிச் சொன்னாள். பிறகு அவளுக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி. பத்துக்கு நாலு என்ற கணக்கைச் சொன்னாள். பட்டமளிப்பு விழாவில் அழுது கைதட்டும் நாம், அந்த நால்வருக்கு ஒரு தொலைபேசி கூடச் செய்ததில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்தையும் சொன்னாள். டுவெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பள்ளியில் இத்தனை வருடத்தில் அவள் பேசியதிலேயே உண்மையான பேச்சு அதுதான் என்று அவளுக்கே தோன்றியது. உடம்பு லேசாக இருந்தது.

இரண்டாவது சுற்று மதிய உணவுக்குப் பிறகு வந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் அவளிடம் இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, மருந்தியலுக்குத் தனிப் பயிற்சி, தோற்றவர்கள் அதே பாடத்தை மறுபடி எடுக்க ஒரு வழி, இந்த மூன்றும் இருந்தால் அந்த நான்கு பேரில் மூன்று பேரைக் காப்பாற்றலாம் என்று ஒன்பது வருடமாக மனு எழுதிவருபவள் அவள். ஆனால் காலையில் பேசியது அவளைக் காலிசெய்திருந்தது. ஏதோ பேசினாள். குறிப்பெடுத்தவர் என்ன எழுதினார் என்பதை முப்பத்தெட்டாம் பக்கத்து அட்டவணையில் இப்போது பார்த்தாள். “எதிராக: கோ.பி. ஆழ்ந்த ஈடுபாடு.”

வெள்ளிக்கிழமை காலை ஃபாதர் டூலனின் அறைக்குப் போனாள். அவர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களைக் கேட்காமலே இன்னொரு கோப்பை எடுப்பது அவர் பழக்கம்.

“முப்பத்து நாலாம் பக்கம் ஃபாதர்.”

“உக்காருங்க கோரின்.”

“உக்கார வரல. அந்த வரியை எடுத்துடுங்க.”

“உங்க பேரு போடலையே. ஓர் உறுப்பினர்னுதான் இருக்கு.”

“நர்சிங்லேருந்து அந்தக் குழுவுல இருந்தது நான் ஒருத்திதான். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும் அது யாருன்னு.”

அவர் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “அந்த ரெண்டு நாள்ல அந்த அறையில சொன்னதுலயே உண்மையா இருந்த வாக்கியம் அது. அதை விட்டுட்டு டுவெய்ன் சொன்ன ‘சந்தையில் நமது இடம்’ங்கறதையா போடச் சொல்றீங்க?”

“நான் ஜெபத்துல சொன்னேன் ஃபாதர். நீங்க சொல்லச் சொன்ன பக்கத்தைச் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல்கிட்டேருந்து அவரோட வாதத்தைப் பிடுங்கிக்கிட்டு, பாருங்க இவரே ஒத்துக்கிட்டாருன்னு தீர்ப்பு எழுதுற மாதிரி இருக்கு இது.”

வக்கீல் என்ற சொல் அவரைத் தைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மழையும் பனியுமாகக் குழம்பி விழுந்துகொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றார். “அது பொய்யா?”

கோபம் வந்தால் கோரினுக்குக் காது சூடாகும். இரண்டு காதும் எரிந்தன.

“பொய் இல்ல.”

“அப்புறம்?”

“சரிபண்ண வேண்டிய ஒரு விஷயத்தைச் சொன்னேன். நீங்க அதை மூட வேண்டிய விஷயமா எழுதிட்டீங்க. ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் இருக்குன்னு நர்ஸ் சொன்னா, சரி, அப்போ படுக்கையைக் காலிபண்ணுன்னு சொல்வீங்களா?”

“சரிபண்றதுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல கோரின். நான் வந்தப்போ இந்த வளாகத்துல நாற்பது இயேசு சபைச் சாமியாருங்க இருந்தோம். இப்ப ஆறு பேரு. அதுல ரெண்டு பேருக்கு நானே மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். எல்லாத்தையும் அரைகுறையாச் செஞ்சுக்கிட்டு அதுக்குப் பேரு பணின்னு சொல்லிக்க எனக்கு வெக்கமா இருக்கு.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் செய்திருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருப்பாள். “ஏப்ரல்ல இதை ஓட்டுக்கு விட பல்கலைக்கழக ஆட்சிக் குழு கூடும்போது நீங்க பேசுங்க. நாலு நிமிஷம் வாங்கித் தரேன்.”

தேநீரைத் தொடாமல் வந்தாள்.

அன்று மாலை பங்குத் தேவாலயக் கூடத்தில் தவக்கால மீன் விருந்து. எண்ணெய் வாசமும் ஈரக் கோட்டுகளின் வாசமும் கலந்திருந்தன. அவள் கணவன் லெஸ், கார் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கதவு பொருத்தி ஓய்வு பெற்றவன், இரண்டு தட்டு பொரித்த பெர்ச் மீனும் முட்டைக்கோஸும் வாங்கிவந்து வைத்தான். அவள் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை அவன் தன் தட்டைக் காலிசெய்துவிட்டிருந்தான்.

“எனக்குப் புரியல,” என்றான். “உன்னை மூடச்சொல்லிப் பேசச் சொன்னாங்க. நீ பேசின.”

“எல்லாரும் பேசணும். அதான் முறை.”

“மத்தவன்லாம் எப்படிப் பேசினான்?”

“சுமாரா.”

“நீ?”

“நல்லா.”

லெஸ் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டான். “எங்க யூனியன்ல முதல் பாடமே இதுதான் கோரி. மேனேஜர் வந்து, ‘சும்மா சொல்லுங்க, எங்க தப்பு நடக்குது, மனசு விட்டுப் பேசலாம்’னா, வாயைப் பொத்திக்கிட்டு மேகத்தைப் பாக்கணும்.”

“அது மேனேஜர். இவரு சாமியாரு.”

“காலரைத் திருப்பிப் போட்ட மேனேஜரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி ஒரு கைக்குட்டைத் தாளை நீட்டினாள். யாரோ இறந்துபோனதாக நினைத்திருப்பாள்.

ஏப்ரல் கூட்டம் வரையிலான ஆறு வாரமும் கோரின் கடிதம் எழுதினாள். வாக்கியத்தை நீக்கு, இல்லையென்றால் அதன் மறுபாதியையும் சேர்த்து என் பேரோடு போடு என்று கேட்டாள். குழுச் செயலர், ஆவணம் வடிவமைப்பாளரிடம் போய்விட்டது, இனிச் சொல் சேர்த்தால் பக்கம் மாறும் என்று பதில் அனுப்பினார். பக்கம் மாறட்டும் என்று எழுதினாள். உங்கள் கருத்து “இணைப்பு ஈ”யாகச் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. இணைப்பு ஈ அச்சில் வராது, இணையதளத்தில் மட்டும் வரும் என்பதை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். டுவெய்ன் நடைவழியில் நிறுத்தி, “உங்க பேச்சு எனக்கு இன்னும் மறக்கல கோரின். அந்த ஞாயித்துக்கிழமை வரி இருக்கே, அடடா” என்றார். அவர் மனமாரத்தான் சொன்னார். அன்று வாகன நிறுத்தத்தில் தன் கார் எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரலில் ஆட்சிக் குழு கூடியது. நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்னும் பளபளப்பான திட்டப் புத்தகம். அட்டையில் சிரிக்கும் நர்சிங் மாணவி. அவள் வாரக்கடைசிப் படிப்புக்காரி என்பதை கோரின் பார்த்தவுடன் கண்டுகொண்டாள். போன வருடம் பாதியில் நின்றவள்.

நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் நன்றாகவே பேசினாள். குழந்தைகள் அறை, மருந்தியல் பயிற்சி, மறுவாய்ப்பு. அதன் பிறகு காப்பீட்டு நிறுவனம் நடத்தும் வயதான அம்மையார் ஒருவர் கை உயர்த்தினார்.

“முப்பத்து நாலுல இருக்கறது நீங்க சொன்னதா?”

“ஆமா.”

“இப்ப மாத்திச் சொல்றீங்களா?”

“மாத்தல. அது பாதி. மீதியைத்தான் இப்பச் சொன்னேன்.”

“ஆனா நீங்களே சொல்றீங்களே, பத்துக்கு நாலு பேரு...”

“ஆமாம்மா. அந்த நாலு பேருக்காகத்தான் சொன்னேன். மீதி ஆறு பேரு என்ன பாவம் பண்ணாங்க?”

நேரம் முடிந்தது என்று யாரோ தணிந்த குரலில் சொன்னார்கள். திட்டம் பத்தொன்பதுக்கு நான்கு என்று நிறைவேறியது. ஃபாதர் டூலன் ஓட்டுப் போடுகிறவர் அல்ல. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டிருப்பவர்கள் படிப்பை முடிக்கலாம், புதிய சேர்க்கை கிடையாது. கூட்டக் குறிப்பில், பேராசிரியர் பிலார்ஸ்கியின் ஆழ்ந்த ஈடுபாட்டுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செயல்முறைக் கூடத்தில் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். கடைசித் தொகுதி. ஊசி ஏற்றப் பழகும் பிளாஸ்டிக் கைகள் வரிசையாக மேசைமேல் கிடந்தன. எப்படிச் சொல்வது என்று காரில் வரும்போது கோரின் மூன்று விதமாகத் தயார் செய்திருந்தாள். தேவைப்படவில்லை. ட்ரீனா பெட்டவே முன்வரிசையில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பத்தொன்பது வயது. வீட்டுப் பராமரிப்பு வேலை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். வகுப்பில் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்பாள்.

“மிஸஸ் பி, ஒரு கேள்வி.” தாளைப் பிரித்தாள். இணையதளத்திலிருந்து எடுத்த முப்பத்து நான்காம் பக்கம். “இந்த ‘ஓர் உறுப்பினர்’ யாரு?”

கோரின் கதவைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள்.

“நான்தான்.”

பின்னால் யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

“அது முழுசா இல்ல,” என்று ஆரம்பித்தாள் கோரின். “அந்த முறை எப்படின்னா, முதல்ல ஒரு பக்கம்...”

“முறை இருக்கட்டும். அந்த ரூம்ல எத்தனை பேரு இருந்தீங்க?”

“பதினாலு.”

“பதினாலு பேருகிட்ட சொல்லியிருக்கீங்க. பத்துக்கு நாலு பேரு கவுந்துடுவோம்னு. முதல் நாள் எங்களை வரவேத்துப் பேசினீங்களே, கேக்கெல்லாம் வெட்டினோமே, அன்னிக்கு எங்ககிட்ட ஏன் சொல்லல?”

இந்தக் கேள்வி இரண்டு வருடத்தில், பதினேழு கூட்டத்தில், ஏரிக்கரை மௌனத்தில் எங்கும் எழவில்லை. பயந்துபோவீர்கள் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது பாதி. கேக் வெட்டும்போது எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை என்பது மீதி.

“சொல்லியிருக்கணும்,” என்றாள். “சொல்லல.”

“என் ஞாயித்துக்கிழமையை யாரும் வாங்கல. நானாக் குடுக்கறேன். அந்தப் புஸ்தகத்துல அதை எழுதச் சொல்லுங்க.” ட்ரீனா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். “சரி, அந்த நாலு பேருல நானும் உண்டா?”

“தெரியாது ட்ரீனா.”

“மருந்தியல்ல எனக்கு அறுபத்தெட்டு. அதை வெச்சுச் சொல்லுங்க.”

“அறுபத்தெட்டு போதாது. இப்படியே போனா நீயும் உண்டு.”

ட்ரீனாவின் முகம் இறுகி, பிறகு மெதுவாக ஏதோ கணக்குப் போடுவதுபோல மாறியது. பக்கத்திலிருந்தவள், “அப்ப எனக்கு?” என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்தவள், “எனக்கும் சொல்லுங்க.” ஒவ்வொருவருக்கும் சொன்னாள். மதிப்பெண்ணை, எங்கே சறுக்குகிறது என்பதை, எத்தனை வாரம் மிச்சம் என்பதை. அரைமணி நேரம் ஆயிற்று. ஒருத்தி எழுந்து போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தாள். இனி மருந்தியலை ஞாயிறு மதியம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது, குழந்தைகளையும் இங்கேயே கொண்டுவருவது என்று அவர்களாகவே பேசி முடித்தார்கள். அதற்கு அனுமதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கோரினும் சொல்லவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் கைகளில் நான்கு கிழிந்திருந்தன. எத்தனையோ வருட ஊசிகள் பட்டு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் முழங்கையிலிருந்து மேசையில் சொட்டியது. ட்ரீனாவுக்குக் கிடைத்த கையில் நரம்பே எழும்பவில்லை. விரலால் அழுத்தி, அழுத்தி, எரிச்சலோடு அதைத் தள்ளினாள்.

“இது செத்துப்போச்சு மிஸஸ் பி.”

கோரின் ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஸ்வெட்டரின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ரப்பர் பட்டையைத் தானே இறுக்கிக் கட்டி, முஷ்டியை மூடி மேசைமேல் நீட்டினாள்.

“ஊசி வேணாம். எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடி.”

ட்ரீனா குனிந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதுத் தோலில் மேலே எதுவும் தெரியவில்லை. கையுறையைக் கழற்றினாள். கண்களை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி, ஓர் எழுத்தைத் தடவிப் படிப்பவள்போல, மிக மெதுவாக நகர்த்தத் தொடங்கினாள். மற்றவர்கள் சுற்றிவந்து நின்றார்கள். விரல் ஓரிடத்தில் நின்றது, அழுத்தியது, இல்லையென்று விட்டு மேலே போனது.